மறு: சிறப்புப் பள்ளிகளில் ஸ்பீச் தெரபி ‘ப்ரொவிஷன்’: ‘வழங்கல்’ வேண்டாமே

வணக்கம். சிறப்புப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஸ்பீச் தெரபி கிடைக்கச் செய்வதை ஆங்கிலத்தில் ‘ப்ரொவிஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சில், கீழே உள்ள யோசனைக்கு என் பதில் இது.

> ‘பேச்சு மொழிச் சிகிச்சை வழங்கல்’ என்று வைத்துக்கொள்ளலாமே?

‘வழங்கல்’ என்றதும் கடலூரில் ரேஷன் கடைதான் ஞாபகத்துக்கு வரும். குடிமைப் பொருள் வழங்கல் துறை அந்தச் சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. புதுச்சேரி நண்பர் சொன்ன ‘ஏற்பாடு’ நல்ல சொல்தான், ஆனால் பிடிமானம் இல்லை. “ஏற்பாடு செய்யப்படும்” என்று சுற்றறிக்கை போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடலாம்.

இங்கிலாந்தில் ‘ப்ரொவிஷன்’ என்ற சொல்லுக்கு அளவு உண்டு. 2014-ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டப்படி, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு எழுதும் திட்டத்தில் ‘எஃப்’ பிரிவு இதற்கென்றே இருக்கிறது. என்ன உதவி, வாரத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம், தருவது யார் என்று திட்டவட்டமாகக் குறிக்க வேண்டும் என்பதே பொது விதி. எழுதிவிட்டால் உள்ளாட்சி அமைப்பு அதைத் தந்தே தீரவேண்டும். நம்முடைய 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு மொழிக் குறைபாட்டை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இந்த மணிக்கணக்கு அதில் இல்லை.

அதனால் ‘பயிற்சிப் பங்கு’ என்கிறேன். துறைமுகத்தில் மீன் விற்றதும் படகுக்கு, வலைக்கு, கடலுக்குப் போன ஆளுக்கு என்று பங்கு பிரிப்பார்கள். என் பங்கு எவ்வளவு என்று கேட்க அங்கே யாரும் கூச்சப்படுவதில்லை. பெற்றோரும் அப்படிக் கேட்கட்டும்.

கூட்டுச்சொற்களுக்கும் வளைந்து கொடுக்கிறது: வகுப்பு முழுக்கப் பொதுப் பங்கு, சிலரைச் சேர்த்து உட்காரவைத்தால் குழுப் பங்கு, அப்புறம் தனிப் பங்கு. தெரபிஸ்ட் வந்துபோகும் அரைமணியோடு இது முடிவதில்லை. இடைவேளையில் ஆயாம்மா பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அது வேண்டும் என்று பிள்ளை பட அட்டையை எடுத்து நீட்டும்வரை பொறுத்திருக்கிறாரே, அதையும் திட்டத்தில் எழுதவேண்டும். ‘சிகிச்சை நேரம்’ என்று போட்டால் அது விடுபட்டுப்போகும்.

சிகிச்சையா பயிற்சியா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஜிப்மர் மருத்துவமனைக்கு பஸ் ஏறும் அம்மாக்கள் “ஸ்பீச்சுக்குப் போறோம்” என்று எளிதாக முடித்துவிடுகிறார்கள். ஆனால் விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குச் சாப்பாட்டின் பதம் பார்த்துச் சொல்வதும் அதே தெரபிஸ்ட்தான். அதைப் ‘பயிற்சி’ என்பது எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது.

அடுத்தது ‘கேஸ்லோடு’, அதாவது ஒரு தெரபிஸ்ட் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் மொத்தமும். ‘நோயாளிச் சுமை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் பெற்றோர் கூட்டத்தில் எப்படி வாசிப்பது? ‘பொறுப்பிலுள்ள பிள்ளைகள்’ என்று நீட்டியே எழுதிவிடலாமா?