மூன்றரை வயதுக் குழந்தையோடு ஓர் இரவு சைக்கிள் கேம்பிங்: பின்சீட்டா, ட்ரெய்லரா?

மண்சாலை (கேள்வி)

வணக்கம். மகளுக்கு மூன்றரை வயது, எடை 14 கிலோ. நானும் கணவரும் ஆளுக்கொரு சைக்கிளில் அவளையும் கூட்டிக்கொண்டு போய், ஒரே ஒரு ராத்திரி டென்ட்டில் தங்கிவிட்டுத் திரும்பலாம் என்று திட்டம். போக 35 கி.மீ., வர 35 கி.மீ. பாதி தார் ரோடு, பாதி சரளை. பெரியவர்களுக்கு வேண்டிய சாமான் எல்லாம் இருக்கிறது. குழந்தை விஷயத்தில்தான் குழப்பம். பின்சீட்டில் உட்காரவைப்பதா, ட்ரெய்லர் (சைக்கிளுக்குப் பின்னால் இழுத்துப்போகும் குழந்தை வண்டி) மாட்டுவதா? 35 கி.மீ. அதிகமா? ராத்திரி 12 டிகிரி வரை இறங்கும். அவளை எதில் படுக்கவைப்பது?

சங்கிலிக்கண்ணி

இந்த வயதுக்கும் இந்தப் பாதைக்கும் ட்ரெய்லர்தான். எடை பிரச்சினையே இல்லை, பெரும்பாலான பின்சீட்டுகள் 22 கிலோ வரை தாங்கும். பிரச்சினை தூக்கம். மதியம் ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் கண்ணயர்ந்துவிடுவார்கள். சீட்டில் தூங்கினால் தலை ஒரு பக்கம் தொங்கும், ஹெல்மெட் கனம் அதை இன்னும் இழுக்கும், குழிக்குக் குழி கழுத்து ஆடும். ட்ரெய்லரிலும் ஹெல்மெட் உண்டு, ஆனால் பின்பக்கம் தட்டையாக உள்ளதாகப் பாருங்கள். புடைத்திருந்தால் தலை முன்னால் தள்ளப்பட்டு, முகவாய் நெஞ்சில் முட்டும். அப்படி இருந்தால் தோளுக்குக் கீழே முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டை மடித்து வையுங்கள், ஹெல்மெட்டுக்கு இடம் கிடைக்கும்.

வாங்கும் முன் உங்கள் பின்சக்கர அச்சைப் பாருங்கள். குவிக் ரிலீஸ் (நெம்புகோலால் இறுக்குவது) என்றால் ட்ரெய்லரோடு வரும் கொக்கி நேராக மாட்டும். கொக்கியின் தடிமனால் பழைய ஸ்கியூவரின் (அச்சுக்குள் போகும் மெல்லிய கம்பி) நீளம் போதாமல் போகலாம். நட் குறைந்தது ஐந்து முழுச் சுற்றாவது ஏற வேண்டும். த்ரூ ஆக்சில் (ஃபிரேமிலேயே திருகி மாட்டும் தடித்த அச்சு) என்றால் ட்ரெய்லருக்கென்றே நீளமான அச்சு தனியாக வாங்க வேண்டும். அதில் நீளம் மட்டும் பார்த்தால் போதாது, மரையும் ஒத்துப்போக வேண்டும். 12 மி.மீ. அச்சிலேயே மரைகளுக்கு இடையிலான தூரம் 1.0, 1.5, 1.75 மி.மீ. என்று மூன்று வகை உண்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தப்பானதை வலுவில் திருகினால் ஃபிரேமின் மரை போய்விடும். கார்பன் ஃபிரேம் என்றால் கையேட்டைப் படிக்காமல் சீட்டோ ட்ரெய்லரோ எதுவுமே மாட்டாதீர்கள்.

கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு பாதுகாப்புப் பட்டை இருக்கும். கொக்கி கழன்றாலும் ட்ரெய்லர் தனியாக உருண்டு போகாமல் பிடிப்பது அதுதான். ஃபிரேமைச் சுற்றி மாட்ட வேண்டும், பின் கேரியரைச் சுற்றி அல்ல.

ட்ரெய்லர் கவிழ்வது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் நடக்கும். திருப்பத்தில் சைக்கிள் கல்லைத் தாண்டிவிடும், அகலமான ட்ரெய்லரின் உள்பக்கச் சக்கரம் அந்தக் கல்லில் ஏறிவிடும். திருப்பத்துக்கு முன்பே நடை வேகத்துக்கு வந்துவிடுங்கள், அகலமாக வளையுங்கள். குழந்தைக்குப் பெல்ட் போடாமல் பத்தடிகூட நகர்த்த வேண்டாம். டயரில் காற்றை உச்சம் வரை ஏற்றினால் சரளையில் வண்டி பந்து மாதிரி குதிக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவை ஒட்டி வைத்தால் போதும்.

மூட்டை விஷயம்: ட்ரெய்லரின் பின்பையில் கனத்தை அடைத்தால் இழுவைக் கம்பியின் முனை மேலே தூக்கும், சைக்கிளின் பின்சக்கரத்துக்குப் பிடிப்புக் குறையும். தண்ணீர், அடுப்பு போன்ற கனமானவை அச்சுக்கு அருகில், தரையை ஒட்டி இருக்கட்டும். ஸ்லீப்பிங் பேக், துணி போன்ற லேசானவை பின்னால் போகலாம்.

பலர் மறப்பது ஸ்பேர் டியூப். ட்ரெய்லர் சக்கரம் பெரும்பாலும் 16 அல்லது 20 அங்குலம், உங்கள் சைக்கிள் டியூப் அதற்கு உதவாது. வால்வும் வேறாக இருக்கலாம். பம்ப் இரண்டு வால்வுக்கும் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

ஒற்றையடி

ட்ரெய்லர் நல்லதுதான், ஆனா பாதையில இரும்புத் தடுப்புக் கம்பி, படிக்கட்டு, ஆள் மட்டும் போற ஒடுக்கமான வழி இருந்தா அதுவே தலைவலி. முதல்ல ஒருத்தர் தனியா போய்ப் பார்த்துட்டு வாங்க. அப்படி ஏதாவது இருந்தா சீட்தான்.

சீட் மாட்டினா அந்த சைக்கிள்ல பின்னாடி பேனியர் (பக்கவாட்டுப் பை) வைக்காதீங்க, குழந்தையோட கால் இடிக்கும். டென்ட், படுக்கை எல்லாம் கணவரோட சைக்கிள்ல போகட்டும். உங்களுக்கு ஹேண்டில்பார்லயும் முன் ஃபோர்க்லயும் லேசான பை மட்டும். சேடிலுக்கு (நீங்க உட்கார்ற சீட்டுக்கு) அடியில ஸ்பிரிங் இருந்தா கண்டிப்பா மூடுங்க, பின்னாடி உட்கார்ற பிள்ளையோட விரல் சரியா அங்கதான் போகும். முக்கியமா ஒண்ணு: ஸ்டாண்டு போட்டுட்டு குழந்தையை சீட்லயே விட்டுட்டு நகராதீங்க. எடை மேல இருக்கறதால லேசா அசைஞ்சாலே சைக்கிள் சாயும். இறங்கினதும் முதல் வேலை குழந்தையை இறக்கறது. ஏத்தும்போது குழந்தை கடைசி.

நிழல்மரம்

35 கி.மீ. முதல் தடவைக்கு அதிகம். சரளையில் ட்ரெய்லரோடு மணிக்கு 10 முதல் 12 கி.மீ. போனாலே நல்ல வேகம். அப்படியே மிதித்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல். முக்கால் மணிக்கு ஒருமுறை இறக்கி ஓடவிட வேண்டும், அதுவும் ஐந்து நிமிடத்தில் முடியாது. மொத்தம் ஐந்தாறு மணி நேரம் என்று வையுங்கள். 20 கி.மீ.க்குள் ஓர் இடம் தேடுங்கள். கிளம்பும் நேரத்தை உங்கள் வசதிக்கு வைக்காமல் அவள் மதியத் தூக்கத்தை வைத்துக் கணக்கிடுங்கள். நீளமான, நிறுத்த வசதியில்லாத பகுதி அவள் தூங்கும் நேரத்தில் வர வேண்டும். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இடம் சேர்ந்துவிடுங்கள்.

வழியில் கார் வந்து நிற்கக்கூடிய இரண்டு மூன்று இடங்களைக் குறித்து, அழைத்தால் வரக்கூடிய ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். காய்ச்சலோ விடாத அழுகையோ வந்தால் பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

குளிரைப் பற்றி ஒன்று. மிதிக்கிற உங்களுக்கு வேர்க்கும், அசையாமல் காற்றில் உட்கார்ந்திருக்கும் அவளுக்கு நடுங்கும். உங்களைவிட அவளுக்கு ஓர் அடுக்கு கூடுதலாகப் போடுங்கள். மூடிய ட்ரெய்லரில் நிலைமை தலைகீழ்: வெயிலில் பிளாஸ்டிக் மழைமறைப்பைப் போட்டால் உள்ளே சீக்கிரம் புழுங்கிவிடும். மழை இல்லாதபோது வலை மட்டும் போதும். சக்கரம் தெறிக்கும் கல்லையும் அது தடுக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிடரியில் கை வைத்துப் பாருங்கள். கை கால் சில்லிட்டிருந்தாலும் பிடரி கதகதப்பாக இருந்தால் சரி. வேர்த்து ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள்.

மண்சாலை

மிக்க நன்றி. 18 கி.மீ.யில் ஓர் இடம் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்கிறோம். பெரியவர்களின் ஸ்லீப்பிங் பேக் ஒன்று கூடுதலாக இருக்கிறது, அவளுக்கு அது போதுமா? அடுப்பு ஸ்பிரிட்டில் எரிவது, பரவாயில்லையா?

கூடாரக்கயிறு

பை போதும், ஆனால் அப்படியே கொடுக்காதீர்கள். உள்ளே காலியாக இருக்கும் இடத்தையும் அவள் உடம்புதான் சூடேற்ற வேண்டும், அவளால் முடியாது. ராத்திரி உள்ளே சறுக்கி முகமும் மூடிக்கொள்ளும். அவளைப் படுக்கவைத்து, பாதத்துக்கு ஒரு சாண் கீழே பையை முறுக்கிப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். மீதியை அடியில் மடித்துவிடுங்கள். தலைக்குத் தொப்பி போடுங்கள், பையின் தலைமூடியை முகத்தின்மேல் இழுத்து மூட வேண்டாம்.

பையைவிட முக்கியம் பாய். குளிர் தரையிலிருந்துதான் ஏறும். காற்றுப் பாயில் குழந்தைகள் உருண்டு விழுவார்கள், அதனால் அவளுக்கு மடிக்கும் ஃபோம் பாய் நல்லது. ஒரு ஃபோம் பாயின் ஆர்-மதிப்பு (குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) ஏறத்தாழ 2. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போட்டால் மதிப்பு கூடிக்கொள்ளும், 12 டிகிரிக்கு அது தாராளம். உங்கள் இருவருக்கும் நடுவில் படுக்கவையுங்கள். டென்ட் சுவரை ஒட்டிப் படுத்தால் விடியற்காலையில் அங்கே படியும் ஈரத்தில் பை நனையும்.

ஸ்பிரிட் அடுப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது, தட்டிவிட்டால் எரிகிற திரவம் பரவும். கேஸ் அடுப்பு, அகலமான கால் உள்ளது, சமமான தரையில். மழையே பெய்தாலும் டென்ட்டுக்குள் பற்றவைக்கக் கூடாது. தீ ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம். ஒருவர் சமைக்கும்போது மற்றவருக்குக் குழந்தையைப் பார்ப்பது மட்டுமே வேலை. அவள் வீட்டில் விரும்பிச் சாப்பிடுவதையே கொண்டுபோங்கள்.

ராத்திரி சிறுநீருக்கு டென்ட் வாசலிலேயே மடக்கக்கூடிய குழந்தைக் கழிப்பிருக்கை ஒன்று வையுங்கள். இருட்டில் ஷூ மாட்டி வெளியே கூட்டிப்போனால் தூக்கம் முழுதும் கலைந்துவிடும். மாற்று உடை இரண்டு செட், அதில் ஒன்று படுக்கைக்கு மட்டும்.

டென்ட்டின் இழுகயிறுகளில் வெள்ளைத் துணித் துண்டு கட்டிவிடுங்கள், பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான். போவதற்கு முன் வீட்டு முற்றத்திலோ மாடியிலோ இதே டென்ட், இதே பை, இதே பாய் போட்டு ஒரு ராத்திரி தூங்கவையுங்கள். பையை எந்த இடத்தில் கட்டினால் அவள் உதைத்துக் கழற்றாமல் இருக்கிறாள் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.