பழைய நாளிதழில் தேடினால் சொல் ஏன் சிக்குவதில்லை?

கேள்வி: 1920களின் தமிழ் நாளிதழ் வருடல்களில் (ஸ்கேன்) ‘திருமணம்’, ‘மாவட்டம்’ என்று தேடினால் சொற்பமே வருகிறது. ஏன்?

பதில் 1: அன்றைய சொல்லைப் போடுங்கள்: விவாகம், ஜில்லா, உபாத்தியாயர். வேட்பாளருக்கு ‘அபேக்ஷகர்’, ‘அபேட்சகர்’ இரண்டையும் தேடணும்.

பதில் 2: எழுத்துணரியும் (OCR, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) சொதப்பும். 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா வடிவங்களே வேறு. அவற்றைத் தப்பாகப் படிக்கும். ‘சென்னை’க்குப் பதில் ‘சென்’ என்று மட்டும் கொடுங்கள். குப்பையும் வரும், பரவாயில்லை. பெரியாரின் ‘குடிஅரசு’ வார இதழ் விதிவிலக்கு, 1935லேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டது.

பதில் 3: தேதியிலும் கவனம். ௵ ஆண்டு, ௴ மாதம், ௳ நாள். ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கொருமுறை திரும்பும்: பிரபவ 1867, 1927 இரண்டுமே. முகப்பில் ஆங்கிலத் தேதி இருந்தால் ஒப்பிடுங்கள். தலையங்கத்தைவிட வரி விளம்பரங்களில்தான் சமூகம் தெரியும். அவற்றைத் தேடாமல் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். பொடி எழுத்தில் எழுத்துணரி ரொம்பவே திணறும்.