கொமடோர் 64, 1992, என்ஃபோர்சர்: விளையாடின ஆக்கள் வாங்கோ

டோர்ட்மண்ட் பெடியன்:
1992-ல எங்கட வகுப்பில பாதிப் பெடியளிட்ட அமிகா எண்ட புதுக் கொம்பியூட்டர் வந்திட்டுது, என்னட்ட இருந்தது அப்பா ஃப்ளோமார்க்டில, பழஞ்சாமான் சந்தையில, 80 மார்க்குக்கு வேண்டிக்கொண்டு வந்த கொமடோர் 64 எண்ட வீட்டுக் கொம்பியூட்டர், அதுவும் 1982-ல வந்த சாமான், ஜெர்மன்காரர் பகிடியா ரொட்டிப்பெட்டி எண்டு சொல்லுவினம். இனி இதுக்கு உருப்படியா ஒரு கேமும் வராது எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கேக்கதான் இடைவேளைக்குள்ள ஒருத்தன் ஒரு டிஸ்கை நீட்டினான், மேல பேனையால என்ஃபோர்சர் எண்டு கிறுக்கி இருந்துது, விண்கப்பல்ல போய்ச் சுடுற கேம். டுரிக்கன் எண்ட கேமைச் செய்த மன்ஃப்ரெட் ட்ரென்ஸ் செய்தது எண்டு சொன்னவுடன எனக்கு மிச்சப் பாடம் ஒண்டும் ஏறேல்ல.

வீட்டில டிவி ஒண்டுதான். ஆன்டெனா வயரைக் கழட்டி கொம்பியூட்டர் வயரைச் செருகி 36-ம் சானலைப் பிடிக்கவேணும். அண்டைக்கெண்டு பாத்து அம்மா வாடகைக்கு எடுத்த படக் கசெட் நாளைக்குத் திருப்பிக் குடுக்கவேணும் எண்டு பின்னால நிக்கிறா. "ஒரே ஒரு ஆட்டம் அம்மா" எண்டு சொல்லிப்போட்டு லோட் அடிச்சால் 1541 எண்ட டிஸ்க் ட்ரைவ் கறகற எண்டு கத்துது, சத்தத்தில தம்பி எழும்பிட்டான். பிறகு கேம் வந்துது பாருங்கோ. பின்னணி எண்ணெய் பூசின மாதிரி வழுக்கிக்கொண்டு போகுது, எதிரியள் கூட்டம் கூட்டமா வருது, ஒரு இடத்திலயும் திக்கேல்ல. நான் முதலாவது நிலையிலயே மூண்டு தரம் செத்தனான், ஏனெண்டால் சுடாமல் பாத்துக்கொண்டு இருந்திட்டன். உங்கட கதையளையும் சொல்லுங்கோ.

ராஸ்டர் ராஜா:
அண்ணா நான் சென்னை, எங்க வீட்ல கமோடோர்லாம் கிடையாது, நான் இந்த கேமை பார்த்ததே 2006-ல வைஸ் எமுலேட்டர்லதான், அதாவது இப்ப உள்ள கம்ப்யூட்டர்ல 64 மாதிரியே நடிக்கிற புரோகிராம். ஆனா என் பொழப்பு மைக்ரோகன்ட்ரோலர்னு சொல்ற குட்டி கம்ப்யூட்டர் சிப்புக்கு கோட் எழுதறது, அதனால விளையாடறதை விட இது எப்படிய்யா ஓடுதுன்னுதான் உட்கார்ந்து பார்த்தேன். அந்த மெஷின்ல ப்ராசஸர் வேகம் 1 மெகாஹெர்ட்ஸ் கூட முழுசா கிடையாது, ஐரோப்பிய மாடல்ல 0.985தான். திரையில படம் காட்டற விக் சிப் ஒரே நேரத்துல காட்டற ஸ்ப்ரைட், அதாவது தனியா நகர்த்தக்கூடிய குட்டிப் படம், மொத்தமே 8, ஒவ்வொண்ணும் 24க்கு 21 புள்ளி. அப்ப எப்படி திரை முழுக்க எதிரி?

டிவி படத்தை மேலேர்ந்து கீழ வரி வரியா வரையும்ல, அந்த கதிர் ஒரு ஸ்ப்ரைட்டை வரைஞ்சு முடிச்சு கீழ இறங்கின உடனே அதே ஸ்ப்ரைட்டை தூக்கி கீழ வேற இடத்துல வேற படத்தோட வெச்சுடறாங்க, இப்படி நொடிக்கு 50 தடவை. நம்ம கண்ணுக்கு எட்டு பதினாறாகும், இருபத்திநாலாகும். ஆனா ஒரே வரியில ஒன்பதாவது வந்தா அது காட்டாது, அதனால எதிரி எந்த உயரத்துல எப்ப வரணும்னு ஒவ்வொரு அலையும் கணக்கு பண்ணி வெக்கணும். இந்த மாதிரி கேம்ல வர பெரிய பெரிய பாஸ் எதிரி பலதும் ஸ்ப்ரைட்டே இல்ல, எழுத்து வடிவத்தை மாத்தி சுவர் கட்டற மாதிரி அடுக்கினது. என்கிட்ட 48 மெகாஹெர்ட்ஸ் சிப் இருக்கு, அதுல ஒரு மெனு ஸ்க்ரோல் பண்ணா திக்குது. வெக்கமா இருக்கு.

இன்னொண்ணு, இதே ட்ரென்ஸ் 1988-ல கட்டாக்கிஸ்னு ஒரு கேம் செஞ்சார், ரெயின்போ ஆர்ட்ஸ் வெளியீடு, அது ஆர்-டைப்ங்கிற கேம் மாதிரியே இருக்குன்னு, ஆர்-டைப் உரிமை வெச்சிருந்த ஆக்டிவிஷன் மிரட்டிச்சு. கடைசில அவங்களே சரி, எங்க ஆர்-டைப்பையே 64-க்கு நீயே செஞ்சு குடுன்னு குடுத்துட்டாங்க, மனுஷன் ஆறரை வாரத்துல முடிச்சிருக்கார். கட்டாக்கிஸை மாத்தி அடுத்த வருஷம் டெனாரிஸ்னு விட்டாங்க.

ஒஸ்லோ தங்கச்சி:
எனக்கு இந்தக் கேம் எண்டால் ஒரு பாவக் கதைதான் ஞாபகம் வரும். காசு மிச்சம் பிடிக்க டிஸ்கின்ட மற்றப் பக்கத்தையும் பாவிக்கிறது தெரியும்தானே, ஓரத்தில கத்தரிக்கோலால ஒரு பள்ளம் வெட்டினால் திருப்பிப் போட்டு எழுதலாம். அண்ணை வெட்டுறதைப் பாத்துப் பாத்து நானும் ஒருநாள் அவர் இல்லாத நேரம் வெட்டினனான், எட்டு வயசு எனக்கு, கொஞ்சம் உள்ளுக்குப் போட்டுது, உள்ள இருந்த கறுத்தத் தகடு வரைக்கும். அது என்ஃபோர்சர் டிஸ்க். நான் ஒண்டும் தெரியாத மாதிரி பெட்டிக்குள்ள வைச்சிட்டன். அண்ணை இரண்டு கிழமையா ட்ரைவ்தான் பழுது எண்டு கழட்டிக் கழட்டிப் பூட்டினார். இண்டைக்கு வரைக்கும் சொல்லேல்ல, அவர் இதை வாசிக்கமாட்டார் எண்டு நம்புறன்.

டோர்ட்மண்ட் பெடியன்:
தங்கச்சி, அண்ணையின்ட பெயரைச் சொல்லுங்கோ, நான் அனுப்பிவிடுறன் 😀

பழைய டப்பா:
போன வருஷம் பரண்ல இருந்து 64-ஐ இறக்கினேன், என்ஃபோர்சர் போடணும்னுதான். துடைச்சு, வயர் மாட்டி, சுவிட்ச் போட்டா நீலத் திரை வந்துச்சு, மெமரி 38911 பைட் காலியா இருக்குன்னு பழைய வரி, அப்படியே குளிர்ந்துட்டேன். ரெண்டு நிமிஷம். அப்புறம் திரை கறுப்பு. அந்த செங்கல் மாதிரி பவர் சப்ளைதான் காரணம், உள்ள பிசின் ஊத்தி அடைச்சிருப்பாங்க, வோல்ட்டேஜை 5-ல நிறுத்தி வெக்கிற ரெகுலேட்டர் கெட்டா வோல்ட்டேஜ் ஏறி ராம் சிப்பை வறுத்துடும். தயவுசெஞ்சு யாரும் பழைய சப்ளையை நேரா மாட்டாதீங்க, முதல்ல மல்டிமீட்டர் வெச்சு பாருங்க, 5.2க்கு மேல காட்டினா குப்பையில போடுங்க. நான் ராம் மாத்தி, புது சப்ளை வாங்கி, மூணு மாசம் கழிச்சுதான் விளையாடினேன். மாட்டினதும் மகன் கூட வந்து உட்கார்ந்தான், இப்ப அவன் அதே 64-க்கு 2017-ல வந்த கலென்சியாங்கிற கேம் வேற போட்டுட்டு எழுந்திரிக்க மாட்டேங்கிறான்.

டோர்ட்மண்ட் பெடியன்:
பழைய டப்பா அண்ணை, நல்லகாலம் நீங்கள் சொன்னது. போன சனிக்கிழமை என்ர சப்ளையை மீட்டரில பிடிச்சனான், 5.6 காட்டினது, அப்பிடியே தூக்கி ஒதுக்கி வைச்சிட்டு நண்பனிட்ட புதுசு ஒண்டு வேண்டி மாட்டினனான். அம்மா இப்ப எங்களோடதான் இருக்கிறா, பின்னால வந்து நிண்டு கொஞ்ச நேரம் பாத்தா. "இன்னும் அந்த ஈ அடிக்கிற விளையாட்டே" எண்டு கேட்டிட்டு, அண்டைக்குப் பாதியில நிப்பாட்டின படத்தை இப்ப யூடியூப்பில போட்டுத் தா எண்டா.