ஆழமான சவர் கேஸ் கிணற்றில் பி-110 ட்யூபிங்: அமிலம் ஏற்றும்போது என்ன ஆகும்?

புதுக்கிணறு (கேள்வி)

வணக்கம். சுண்ணாம்புப் பாறையில் 5,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் ஒரு வாயுக் கிணற்றின் ட்யூபிங் (வாயுவை மேலே கொண்டுவரும் உட்குழாய்) வடிவமைப்பைப் பயிற்சிக் கணக்காகச் செய்து வருகிறேன். அடியில் வெப்பநிலை 150 டிகிரி செல்சியஸ், அழுத்தம் 700 பார், வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு 12 விழுக்காடு, அதாவது சவர் கேஸ். ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள இடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15156 தரநிலையின் அட்டவணை, வலிமை கூடிய பி-110 எஃகை 80 டிகிரியும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் பயன்படுத்த அனுமதிக்கிறது. அப்படியானால் கீழ்ப்பாதிக்குப் பி-110, மேற்பாதிக்கு வலிமை குறைந்த எல்-80 எஃகு என்று பிரித்துக்கொள்ளலாமா? உற்பத்தியைத் தூண்ட 15 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏற்றும் திட்டமும் இருக்கிறது. அதை ட்யூபிங் தேர்வோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமா, அல்லது பிறகு தனியே பார்த்துக்கொள்ளலாமா?

குழாய்க்கணக்கு

சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் நண்பரே. உங்கள் கணக்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடின் பகுதியழுத்தம் 84 பார். விரிசல் அபாயத்தைக் கணக்கில் எடுக்கத் தரநிலை சொல்லும் தொடக்க வரம்பு 0.003 பார்தான், அதாவது நீங்கள் அதைப் போல 28,000 மடங்கில் நிற்கிறீர்கள்.

அரிப்பில் பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து குமிழியாக வெளியேறுவதைச் சல்ஃபைடு தடுத்துவிடுவதால், அவை எஃகுக்குள் புகுகின்றன. கடினமான எஃகு, இழுவையில் இருக்கும்போது, முன்னறிவிப்பு எதுவுமின்றி முறிகிறது. சாதாரண எஃகுகளுக்கு ராக்வெல் சி 22 என்ற கடினத்தன்மை வரம்பு வைத்திருப்பதன் காரணம் இதுவே. இந்த விரிசல் அறை வெப்பநிலைக்கு அருகில்தான் மிகவும் கொடியது; சூடு ஏற ஏறத் தணிகிறது. அட்டவணை பி-110க்குக் கீழே இடம் கொடுப்பது அதனால்தான்.

ஆனால் கீழே உங்களுக்கு அந்த வலிமை எதற்கு? தொங்கும் குழாயின் முழு எடையையும் தாங்குவது உச்சியில் இருக்கும் முதல் குழாய். 5,000 மீட்டர் எஃகு காற்றில் தொங்கினால் உச்சியில் எழும் தகைவு ஏறத்தாழ 385 மெகாபாஸ்கல். எல்-80இன் குறைந்தபட்ச யீல்டு வலிமை (நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு) 552. வலிமை தேவைப்படும் அதே உச்சிதான் கிணற்றின் மிகக் குளிர்ந்த இடமும்கூட. சவர் கேஸ் கிணறுகளில் ஆழம் இவ்வளவு தொல்லை கொடுப்பதற்குக் காரணம் இந்த முரண்தான்: பி-110க்கு அனுமதி உள்ள இடத்தில் அது தேவையில்லை, தேவையுள்ள இடத்தில் அனுமதியில்லை.

பிரான்சின் லாக் வயலில் 1951இல், சுமார் 15 விழுக்காடு ஹைட்ரஜன் சல்ஃபைடு கொண்ட வாயு கிடைத்தபோது, அன்று கையிலிருந்த குழாய்கள் முறிந்தன. தாங்கக்கூடிய எஃகை உருவாக்கிய பிறகு 1957இல்தான் அங்கே உற்பத்தி தொடங்கியது.

சூடும்_குளிரும்

மேலே சொன்னதில் ஒரு சிறு திருத்தம்: கிணற்றில் உப்புநீர் இருக்கும்போது மிதப்பு விசை எடையைக் குறைக்கும். அடர்த்தி 1.1 என்று கொண்டால் 385 என்பது 331 அளவுக்கு இறங்கும். ஆனால் அந்த ஆறுதலை அமிலம் ஏற்றும் வேலை பறித்துக்கொள்கிறது.

76 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ட்யூபிங் 5,000 மீட்டருக்கு ஏறத்தாழ 23 கனமீட்டர் கொள்ளும். நிமிடத்துக்கு 2 கனமீட்டர் வீதம் ஏற்றினால், தொட்டியில் 30 டிகிரியில் இருந்த அமிலம் பதினொன்றரை நிமிடத்தில் அடியை எட்டிவிடும். குழாய் சராசரியாக 60 டிகிரி குளிர்ந்தால், நகர இடமுள்ள ட்யூபிங் 3.6 மீட்டர் சுருங்கும். பேக்கரோடு (ட்யூபிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியை அடியில் அடைக்கும் கருவி) இறுக்கிக் கட்டிய ட்யூபிங்கில் சுருங்க இடமில்லாததால் 144 மெகாபாஸ்கல் கூடுதல் இழுவை ஏறும். 331உடன் 144 சேர்ந்தால் 475. இழுவைக்கு 1.3 என்ற பாதுகாப்புக் காரணியை வைத்தால் எல்-80 தாங்க அனுமதிக்கப்படுவது 425 மட்டுமே. பம்ப் அழுத்தத்தால் குழாய் ஊதிச் சுருங்கும் விளைவை இன்னும் சேர்க்கவே இல்லை.

ஆகவே, கசிவைத் தடுக்கும் முத்திரைகள் (சீல்) வழுக்கி நகரக்கூடிய, உட்புறம் மெருகேற்றிய நீண்ட குழாய்த்துண்டைப் பேக்கருக்கு மேல் வைத்து அந்த 3.6 மீட்டருக்கு இடம் கொடுக்க வேண்டும், அல்லது எல்-80ஐவிட வலுவான டி-95 எஃகு, அதுவும் போதாவிட்டால் குளிர்நிலையில் வலுவூட்டிய நிக்கல் கலப்புலோகம் என்று போக வேண்டும். 13 விழுக்காடு குரோமியம் எஃகை இங்கே நினைக்கவே வேண்டாம். அதற்குத் தரநிலை அனுமதிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு பகுதியழுத்தம் 10 கிலோபாஸ்கல் வரைதான்.

உங்கள் பி-110 கேள்விக்கான விடையும் இங்கேயே இருக்கிறது. அமிலம் போய்க்கொண்டிருக்கும்போது குழாய்க்குள் சவர் கேஸ் இல்லை. பம்ப்பை நிறுத்திக் கிணற்றைத் திறக்கும் முதல் சில மணி நேரத்தில்தான், இன்னும் சூடேறாத குழாயும், பி.எச். குறைந்த எச்ச அமிலமும், ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஒரே இடத்தில் கூடுகின்றன. கீழ்ப்பகுதி எப்போதும் 80 டிகிரிக்கு மேலேயே இருக்கும் என்ற உங்கள் எண்ணம் அந்த நேரத்தில் பொய்த்துப்போகிறது.

புதுக்கிணறு

மிக்க நன்றி. கணக்கைத் திரும்பப் போடுகிறேன். அமிலத்திலேயே ஏதேனும் மாற்றம் செய்ய வேண்டுமா?

எச்ச_அமிலம்

ஒரு கனமீட்டர் 15 விழுக்காடு அமிலம் ஏறத்தாழ 220 கிலோ சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். கரைக்கும் ஆற்றலில் குறையில்லை. 150 டிகிரியில் அது கிணற்றை ஒட்டிய பாறையிலேயே தீர்ந்துபோய்விடுவதுதான் சிக்கல். டீசலுக்குள் அமிலத்துளிகளைச் சிதறவிட்ட குழம்பு, அல்லது ஃபார்மிக், அசெட்டிக் போன்ற கரிம அமிலங்கள் வினையைத் தாமதப்படுத்தி, அமிலத்தைப் பாறைக்குள் தொலைவு வரை கொண்டுபோகும்.

சவர் கேஸ் கிணற்றில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இரும்பு. ட்யூபிங்கின் துருவிலிருந்து கரையும் ஃபெரிக் இரும்பு, ஹைட்ரஜன் சல்ஃபைடைச் சந்தித்தால் அதைத் தனிமக் கந்தகமாக வீழ்படியச் செய்யும். ஃபெரஸ் இரும்போ, அமிலம் தீர்ந்து பி.எச். ஏறத் தொடங்கியதும் கறுப்பு இரும்புச் சல்ஃபைடாக இறங்கும். இரண்டுமே நீங்கள் திறந்த துளைகளிலேயே போய் அடைக்கும். சாதாரணக் கிணற்றுக்கு எழுதிய சேர்மானப் பட்டியலை அப்படியே எடுத்துவந்து இங்கே பயன்படுத்துவது, என் கருத்தில், பணம் கொடுத்துக் கிணற்றை அடைப்பதற்குச் சமம். முதன்மை அமிலத்துக்கு முன் சிறிதளவு அமிலத்தை ட்யூபிங்கில் இறக்கி, அதைப் பாறைக்குள் விடாமல் வெளியே எடுத்து, துருவைக் கழுவிவிடுங்கள். திரும்பி வரும் திரவத்தைக் கண்ணாடிக் குப்பிகளில் வரிசையாகப் பிடித்து இரும்பளவைப் பாருங்கள். அது இறங்கி ஒரு நிலைக்கு வரும்வரை முதன்மை அமிலத்தைத் தொடாதீர்கள். பழைய குழாயாக இருந்தால் அதில் படிந்த இரும்புச் சல்ஃபைடும் அமிலத்தில் கரைந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடும் என்பதால், குப்பியை நிரப்புகிறவரும் சுவாசக் கருவி அணிந்திருக்க வேண்டும். மூக்கை நம்ப முடியாது, 100 பி.பி.எம். அளவிலேயே மணமறியும் திறன் மரத்துவிடும்.

அமிலத்தில் கலக்கும் அரிப்புத் தடுப்பானுக்கு ஆயுள் சில மணி நேரம்தான். பம்ப் நடுவில் நின்றால் குழாயில் தேங்கிய அமிலம் மெல்ல 150 டிகிரியை நோக்கிச் சூடேறும். அந்த 23 கனமீட்டரை உடனே பாறைக்குள் தள்ள இன்னொரு பம்ப்பும், அதற்கு வேண்டிய நீரும் வேலை தொடங்குமுன்பே இணைப்பில் இருக்க வேண்டும்.

குழாய்க்கணக்கு

ஒன்றை விட்டுவிட்டோம். நகரும் முத்திரைகளின் ரப்பர் எதனால் ஆனது என்று கேளுங்கள். நைட்ரைல் ரப்பர் சூட்டோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்தால் இறுகி விரிசல் விட்டுவிடும். அதற்கு மாற்றாகப் பலர் எடுக்கும் சாதாரண ஃபுளோரோ ரப்பரையோ, பேக்கருக்கு மேலே ட்யூபிங்கைச் சுற்றி நிரப்பும் பேக்கர் திரவத்தில் நாம் கலக்கும் அமீன் வகைத் தடுப்பானே தின்றுவிடும். தடுப்பானையும் ரப்பரையும் இரு வேறு பிரிவினர் தேர்ந்தெடுக்கும் இடங்களில் இந்தத் தவறு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். இருவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து, அந்த ரப்பர்த் துண்டை அந்தத் திரவத்திலேயே 150 டிகிரியில் ஊறவைத்துச் சோதித்துவிடுங்கள்.