தாடை மூட்டில் கரகர சத்தம், ஓபிஜி நார்மல்: அடுத்து சிபிசிடியா, எம்ஆர்ஐயா?

கேள்வி (பல்லும்தாடையும்)
நோயாளிக்கு வயது 46. வாயைத் திறந்து மூடும்போது வலது மூட்டில் கரகர சத்தம், காதுக்கு முன்னால் அழுத்தினால் வலி. வாய் திறப்பு 38 மி.மீ. ஓபிஜியில் (தாடை முழுவதையும் ஒரே தட்டையான படமாகக் காட்டும் எக்ஸ்ரே) இரண்டு கான்டைலும் (கீழ்த்தாடை எலும்பின் மூட்டுத் தலை) ஒழுங்காகத்தான் இருக்கின்றன. இதை வைத்தே எலும்பு மாற்றம் இல்லை என்று சொல்லலாமா? சிபிசிடி (கூம்புக் கதிரால் எடுக்கும் முப்பரிமாண சிடி) கேட்பதானால் என்ன எழுத வேண்டும்?

கதிர்வெட்டு
சொல்லக் கூடாது டாக்டர். ஓபிஜியில் தெரிந்தால் பெரும்பாலும் உண்மை; தெரியாவிட்டால் ஒன்றுக்கும் உதவாது. சிடியை அளவுகோலாக வைத்து 2009-ல் வெளியான ஒப்பீட்டில், எலும்பு மாற்றம் உள்ள மூட்டுகளில் ஓபிஜி பிடித்தது 26 சதவீதம், எம்ஆர்ஐ 59 சதவீதம். கதிர் சாய்வாகப் போவதால் கான்டைலின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும், கன்ன எலும்பின் நிழலும் சேர்ந்துகொள்ளும்.

சும்மா 'டிஎம்ஜே (தாடை மூட்டு) சிபிசிடி' என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு மூட்டும், பற்களை முழுதாகக் கடித்த நிலை, வாக்சல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய புள்ளி) சுமார் 0.2 மி.மீ. என்று எழுதுங்கள். முகம் முழுவதையும் 0.4-ல் எடுத்தால் மெல்லிய கார்டெக்ஸ் (எலும்பின் கெட்டியான வெளி ஓடு) மங்கி, இல்லாத எரோஷன் (அந்த ஓட்டில் அரிப்பு) தெரியும்.

வெட்டும் விதமும் முக்கியம். ஆக்ஸியலில் (கிடைமட்ட வெட்டு) கான்டைல் மிக அகலமாக இருக்கும் மட்டத்தில் உள்முனையையும் வெளிமுனையையும் இணைத்துக் கோடு போடுங்கள். சாஜிட்டல் (பக்கவாட்டுத் தோற்ற வெட்டு) அதற்குச் செங்குத்தாக, கொரோனல் (முன்புறத் தோற்ற வெட்டு) இணையாக, 1 மி.மீ. தடிமனில். வலது இடது கோணம் ஒன்றாக இருக்காது, ஆகவே தனித்தனிக் கோடு.

மூட்டுப்படம்
ரிப்போர்ட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். டிசி/டிஎம்டி (தாடை மூட்டுக் கோளாறுகளைக் கண்டறியும் வரையறைத் தொகுப்பு) வரையறைப்படி மூட்டுத் தேய்மான நோய் என்று எழுத எரோஷன், ஆஸ்டியோஃபைட் (எலும்பு முளை), சப்காண்ட்ரல் சிஸ்ட் (மூட்டுப் பரப்புக்கு அடியில் குழி), பரவலான ஸ்க்லீரோசிஸ் (எலும்பு இறுகித் தடிப்பது) இவற்றில் ஒன்றாவது வேண்டும். கான்டைல் தட்டையாக இருப்பதும், விளிம்பு மட்டும் தடித்திருப்பதும் போதாது. வயதாலும் வரும், சுமைக்கேற்ற மாற்றமாகவும் இருக்கலாம். எரோஷன் என்றால் இரண்டு தளத்திலும், அடுத்தடுத்த வெட்டுகளிலும் தெரிய வேண்டும். விளிம்பு இரட்டைக் கோடாக இருந்தால் நோயாளி அசைந்திருக்கிறார், அந்தப் படத்தில் எரோஷன் பேச்சே வேண்டாம். பதின்ம வயதில் கார்டெக்ஸ் முழுதாக உருவாகியிருக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

கடிநிலை
படம் எடுத்து சிகிச்சையில் எதை மாற்றப் போகிறீர்கள்? வலிக்கும் எலும்பு மாற்றத்துக்கும் பொருத்தம் குறைவு. படுமோசமான கான்டைல் வலியே இல்லாமல் இருக்கும். ஆனால் கரகரப்பை மட்டும் நம்பினால் உணர்திறன் (நோய் உள்ளவர்களைப் பிடிப்பது) 55, தனித்தன்மை (நோய் இல்லாதவர்களைச் சரியாக விலக்குவது) 61 சதவீதம்தான், அதனால் நோயின் பெயர் உறுதியாக வேண்டுமென்றால் சிபிசிடி. வாய் பூட்டிக்கொள்கிறது, டிஸ்க் (மூட்டுக்குள் இருக்கும் மெத்தை போன்ற தட்டு) எங்கே என்று தெரிய வேண்டும், நீர் கோத்திருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ, வாயை மூடியும் திறந்தும். முன்பற்கள் புதிதாகச் சேராமல் போனாலோ தாடை ஒரு பக்கம் விலகினாலோ காத்திருக்க வேண்டாம்.

பல்லும்தாடையும்
எரோஷன் தெரிந்தால் நோய் இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மூட்டுப்படம்
ஒரே படத்தில் முடியாது. குழியின் மேல் கார்டெக்ஸ் கோடு திரும்ப மூடியிருந்தால் அடங்கியதாக இருக்கலாம். கடியோ திறப்போ மாறினால் மட்டும் மறுபடி எடுங்கள். அதே வாக்சல், அதே வெட்டுக்கோணம் இல்லாவிட்டால் இரண்டையும் ஒப்பிட முடியாது.