ஃபைபர் படகின் அடியில் ஓட்டை: ஒட்டிய மேட் மூன்றாம் நாளே பெயர்ந்துவிட்டது, உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 28 அடி ஃபைபர் படகு. சென்ற மாதம் கரை திரும்பும்போது அலை தூக்கி அடித்ததில், தூண்டில் வளைவில் (கடலரிப்பைத் தடுக்கும் கல் தடுப்பில்) கொட்டிக் கிடக்கும் கருங்கல்லில் அணியத்தின் (படகின் முன்பகுதியின்) இடப்பக்கம் மோதிவிட்டது. ஏராவுக்கு (படகின் அடிக்கட்டைக்கு) ஒரு சாண் மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டையும், அதற்குச் சற்றுப் பின்னால் விரல் நுழையும் அளவில் இரண்டு ஓட்டைகளும் விழுந்துள்ளன.

ஆள் கிடைக்காததால் நானே பழுது பார்த்தேன். உப்புத்தாளால் ஓரங்களை நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, பெரிய ஓட்டைக்கு உட்புறம் தெர்மகோல் துண்டை முட்டுக் கொடுத்து, வெளியிலிருந்து மூன்று அடுக்கு மேட் (கண்ணாடி நார் விரிப்பு) வைத்து ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) பூசினேன். மறுநாள் தொட்டபோதும் மேற்பரப்பு பிசுபிசுவென்றே இருந்தது. மூன்றாம் நாள் கடலில் இறக்கியதும் நீர் கசிந்தது. கரையேற்றிப் பார்த்தால் ஒட்டு முழுவதும் அப்பளம்போல ஒரே தகடாகப் பெயர்ந்து வந்துவிட்டது. அதன் அடிப்பக்கத்தில் படகின் நீல வண்ணம் அப்படியே ஒட்டியிருக்கிறது. நடுவில் மேட் குழிந்து, வெள்ளை வெள்ளையாக நார் தெரிகிறது.

ரெசின் கெட்டுப்போனதா, அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் குறைந்ததா, அல்லது பாலியஸ்டர் ரெசினுக்குப் பதில் எபாக்சி ரெசின் வாங்கியிருக்க வேண்டுமா என்று தெரியவில்லை. தொழிலுக்குப் போக முடியாமல் கரையில் இருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

முதல் பதில்

தம்பி, பெயர்ந்து வந்த தகட்டைத் தூக்கி எறியாமல் பார்த்தீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. அடிப்பக்கத்தில் நீல வண்ணம் வந்திருக்கிறது என்றால், உங்கள் ரெசின் வண்ணத்தை நன்றாகவே பிடித்திருக்கிறது. வண்ணம்தான் படகை விட்டுவிட்டது. உப்புத்தாள் தேய்ப்பு இதற்குப் போதாது. பெயின்ட், ஜெல்கோட் (சுவரின் வழவழப்பான வெளிப்பூச்சு) இரண்டும் நீங்கி, உள்ளிருக்கும் கண்ணாடி நார் கண்ணுக்குத் தெரியும்வரை கிரைண்டரால் அரைக்க வேண்டும்.

அரைப்பதிலும் ஓர் அளவு உண்டு. ஓட்டையின் விளிம்பிலிருந்து வெளிநோக்கி, சுவரின் தடிமனைப்போல் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாக அரைக்க வேண்டும். உங்கள் படகுச் சுவர் அந்த இடத்தில் 6 மில்லிமீட்டர் என்றால், சுற்றிலும் ஏழு சென்டிமீட்டருக்குச் சரிவு வரும். 10 சென்டிமீட்டர் ஓட்டைக்கு அரைத்த வட்டம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் ஆகும். இவ்வளவு நல்ல சுவரை அரைப்பதா என்று மனம் தயங்கும். ஆனால் நாம் வைக்கும் ஒட்டு ஓட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அரைப்பதற்கு முன் விளிம்பில் உடைந்து தொங்கும் நாரை வெட்டி எறியுங்கள். சுற்றிலும் ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்து, மந்தமான ஓசை வரும் இடம் அடுக்குப் பிரிந்த இடம் என்று குறித்து, அதையும் வெட்டிவிடுங்கள்.

அடுத்தது தெர்மகோல். பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மகோலைக் கரைத்துவிடும். முட்டு கரைந்து இறங்கவே மேட் குழிந்து, ரெசின் வழிந்து, நார் வெள்ளையாக நின்றிருக்கிறது. மெல்லிய பிளைவுட் துண்டைப் பாலித்தீன் தாளால் இறுகச் சுற்றி உள்ளே முட்டுக் கொடுங்கள். இறுகிய பிறகு தாள் எளிதில் உரிந்துவரும்.

பிசுபிசுப்புக்காகக் கவலைப்பட வேண்டாம். அடுக்கு வைக்கும் ரெசின் காற்றுப்படும் பக்கத்தில் சிறிது ஒட்டிக்கொண்டே இருப்பது அதன் இயல்பு. அதனால்தான் அடுத்த அடுக்கு நன்றாகப் பற்றுகிறது. கடைசிப் பூச்சுக்கு மட்டும் மெழுகு கலந்த ரெசினைப் பயன்படுத்துங்கள், மெழுகு மேலே வந்து காற்றை மறைத்துவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. எத்தனை அடுக்கு வைக்க வேண்டும், கேட்டலிஸ்ட் எவ்வளவு ஊற்ற வேண்டும்? போன முறை மூடியால் உத்தேசமாகத்தான் ஊற்றினேன்.

முதல் பதிலளித்தவர்

உத்தேசம் கூடாது. ரெசினின் எடையில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு. அதாவது 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம். நம் வெயிலுக்கு 1 கிராமை ஒட்டி வைத்தாலே போதும், ஆனால் அதற்கும் கீழே இறக்கினால் உள்ளே சரியாக இறுகாது. ஒரே குவளையில் நிறையக் கலந்தால் சூடேறிப் புகையும். கால் கிலோவுக்கு மேல் ஒரு தடவையில் கலக்காதீர்கள்.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன் தரும். ஆகவே ஆறு அடுக்கு வேண்டும். மேட்டின் எடையைப்போல் இரண்டரை மடங்கு ரெசின் போதுமானது; ஒவ்வொரு அடுக்கையும் இரும்பு ரோலரால் உருட்டி, காற்றுக்குமிழ் போய் வெள்ளை மறைந்து கண்ணாடிபோல் ஆகும்வரை விடாதீர்கள். மூன்று அடுக்கு வைத்தபின் சூடு தணிய விட்டு மீதியை வையுங்கள்.

இதைக் கவனமாகப் படியுங்கள்: உங்கள் கடையில் கோபால்ட் ஆக்சிலரேட்டரை (இறுகுவதை விரைவுபடுத்தும் திரவத்தை) தனியாகக் கொடுத்தால், அதைக் கேட்டலிஸ்ட்டோடு நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுவதும் கலக்கிவிட்டு, அதன் பிறகே கேட்டலிஸ்ட்டை ஊற்ற வேண்டும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகக்கூடும். கண்ணாடி அணியுங்கள், பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் வையுங்கள். பட்டுவிட்டால் உடனே கால் மணி நேரம் விடாமல் கழுவியபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரைக்கும்போது முகக்கவசம் இல்லாமல் நிற்காதீர்கள்.

இரண்டாம் பதில்

அண்ணன் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கடல் நீர் ஏறிய சுவரில் துடைத்த கையோடு ரெசின் வைக்கக் கூடாது. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி, உப்பைப் போக்கி, சில நாள் வெயிலில் காயவிடுங்கள். பிறகு அந்த இடத்தில் ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. தளத்துக்குக் கீழே மிதவைக்காக நுரை அடைத்திருந்தால் அதையும் தோண்டிப் பாருங்கள், அது நீரைக் குடித்து வைத்திருக்கும்.

எபாக்சி பழைய சுவரில் பாலியஸ்டரைவிட நன்றாகப் பற்றும் என்பது உண்மையே. ஆனால் மேட்டில் உள்ள பசை ஸ்டைரீனில்தான் இளகும் என்பதால், எபாக்சிக்கு நெய்த துணியே ஏற்றது. பின்னர் அதன் மேல் பாலியஸ்டர் ஜெல்கோட்டும் சரியாகப் பற்றாது, பெயின்ட்தான் அடிக்க வேண்டியிருக்கும். விலையையும் பார்க்கும்போது உங்கள் படகுக்குப் பாலியஸ்டரே போதும் என்பது என் கருத்து.

அடுக்கும் வரிசையில் எங்கள் பக்கம் சிறிய துண்டை முதலில் வைப்போம்.

முதல் பதிலளித்தவர்

ஈரம் பற்றித் தம்பி சொன்னது மிகச் சரி, நான் விட்டுவிட்டேன். வரிசையில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. பெரிய துண்டை முதலில் வைத்தால் சரிவு முழுவதையும் ஒரே அடுக்கு தழுவிப் பிடிக்கும். இறுதியில் மேலே சமப்படுத்த அரைக்கும்போது அந்தப் பிடிப்பு அடுக்கு அறுபடாது. இரண்டு முறையும் வழக்கத்தில் உண்டு, ஆனால் கல்லில் அடிபடும் அணியத்துக்கு நான் பெரியதையே முதலில் வைப்பேன்.

கேட்டவர்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அரைத்துப் பார்த்தபோது விரல் அளவு ஓட்டைகள் இரண்டையும் இணைத்து ஒரு வெடிப்பு ஓடுவது தெரிந்தது. மூன்றையும் ஒரே சரிவாக அரைத்துவிட்டேன். உள்ளே நுரையைக் கையால் பிழிந்தால் உப்புத்தண்ணீர் சொட்டியது, அந்தப் பகுதியை முழுவதும் வெட்டி எடுத்தேன். தாள் முதல் இரவு வியர்த்தது. ஐந்தாம் இரவுதான் வியர்வை இல்லை. வெளியே ஆறு அடுக்கும் உட்புறம் இரண்டு அடுக்கும் வைத்திருக்கிறேன். நாணயத்தால் தட்டினால் ஒட்டும் சுவரும் ஒரே ஓசை தருகின்றன. எப்போது கடலில் இறக்கலாம்?

முதல் பதிலளித்தவர்

கடைசி அடுக்கு வைத்த நாளிலிருந்து ஒரு வாரம் வெயிலில் விடுங்கள், தம்பி. முதல் முறை வலை ஏற்றாமல், பக்கத்திலேயே ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கரையேற்றி, ஒட்டின் விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். வெட்டி எடுத்த இடத்தில் புது நுரை அடைப்பதை மறந்துவிடாதீர்கள். படகு கவிழ்ந்தால் உங்களைத் தாங்குவது அதுதான்.