மலையை விட்டு இறங்கியவர்களுக்கு எஸ்.டி. சான்றிதழ் – யாராவது வழி சொல்லுங்கள்

நாங்கள் ஏற்காட்டு மலையாளிகள். கேரளக்காரர்கள் இல்லை, சேர்வராயன் மலையில் தலைமுறைகளாக இருக்கும், தமிழ் பேசும் பழங்குடி. காபித் தோட்டத்தில் வேலை குறைந்ததால் 9 வருடம் முன்பு சேலம் இறங்கினோம். சிவதாபுரம் பக்கம் வாடகை வீடு, எனக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை.

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். அவளுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. சேலம் முகவரியில் இ-சேவை மையத்தில் போட்டேன், 2 மாதம் கழித்து "சொந்த ஊரில் விண்ணப்பிக்கவும்" என்று திரும்பியது. ஏற்காடு முகவரியில் போட்டால், விசாரணைக்கு வந்தவர் "இங்கே குடியில்லை" என்று எழுதிவிட்டார். பழங்குடிச் சான்றை 1989 முதல் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், ஆனால் மனு அவர் மேசைக்கே போகவில்லை.

என் சான்றிதழ், அப்பா பெயரில் பட்டா, மகளின் டி.சி., ஊர்க் கவுண்டர் (எங்கள் ஊர்த் தலைவர்) கடிதம், எல்லாம் இணைத்தேன். மலையிறங்கினால் பழங்குடி இல்லை என்று ஆகிவிடுமா? பழங்குடியினர் பட்டியலில் எங்கள் பெயருக்குச் சேலம் மாவட்டம் முழுவதும்தானே இருக்கிறது! கலந்தாய்வு நெருங்குகிறது.

இப்படி நகரத்துக்கு வந்த பிறகு பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வாங்கியவர்கள் எந்த முகவரியில், எந்த ஆவணம் காட்டி வாங்கினீர்கள்?